குட்டியா, வளர்ந்த நாயா, பூனையா? காப்பகத்துக்குப் போகும் முன் ஒரு கணக்கு

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பதி போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மணியடித்தார்கள். பின்னால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் பெண். "அண்ணா, நீங்க வாராவாரம் அந்த நாய்க் காப்பகத்துக்குப் போறீங்கல்ல? எங்களுக்கு ஒரு குட்டி வேணும். வெள்ளையா, ஆணா இருந்தா நல்லது."

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. பாப்பா நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து பாட்டியோடு இருப்பாள். பாட்டிக்கு மூட்டு வலி, மாடிப்படி இறங்க முடியாது.

வெள்ளை, ஆண், குட்டி. சென்னையில் எந்தத் தத்தெடுப்பு முகாமில் போய் நின்றாலும் இந்த மூன்று சொல்லும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சாயங்காலம் முகாம் முடிந்து கூடையைத் தூக்கும்போது உள்ளே மிச்சமிருப்பவை எல்லாம் கறுப்பு, பெண். தெருவில் கொண்டுவந்து விடப்படும் குட்டிகளிலும் பெண் குட்டிகளே அதிகம். பெண் என்றால் குட்டி போடும், பருவத்தில் வீட்டு வாசலில் ஊர் நாயெல்லாம் கூடும் என்ற பயம். கருத்தடை செய்துவிட்டால் இரண்டுமே இல்லை. ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து "ஆண் குட்டி இருக்கா?" என்பார்.

அவர்களுக்கு அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அன்று பேசியதைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன்.

காசு கொடுத்து வாங்குவதை முதலிலேயே தள்ளிவைத்தோம். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். சந்தைக் கூடையில் கண் திறந்தும் திறக்காமலும் குவிந்துகிடக்கும் குட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எந்த அளவுக்கு நடப்பில் இருக்கிறது என்று தெரியும். எதையும் கேட்காமல் கையில் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் அங்கே இருக்கும் ஒரே வசதி, பிறகு சிக்கல் வருவதும் அந்த வசதியால்தான். வாங்கத்தான் வேண்டும் என்றால், தாய் நாய் எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

அடுத்தது காப்பகம். போவதற்கு முன்னால் அது என்ன மாதிரி இடம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடை மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். காப்பகம் முதலில் ஓர் ஆஸ்பத்திரி. வண்டியில் அடிபட்டது, புண்ணில் புழு வைத்தது, சொறி பிடித்து உடம்பில் முடியே இல்லாதது, பின்னங்கால் இழுத்துக்கொண்டு வருவது என்று ஆம்புலன்ஸ் போய் அள்ளிவருகிற உயிர்கள்தான் அங்கே பெரும்பங்கு. இதில் குணமாகித் தெருவுக்குத் திரும்ப முடிந்தவை திரும்பிவிடும். திரும்ப முடியாதவையும், வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவையும், அட்டைப்பெட்டியில் வாசலில் வைத்துவிட்டுப் போனவையும்தான் தத்துக்கு நிற்கின்றன.

சென்னைக்கு இந்த வேலை புதிதல்ல. தி. நகரில் 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் வீட்டிலேயே அடிபட்ட பிராணிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான் புளூ கிராஸ் என்ற பிராணிகள் காப்பகம். 1964இல் அமைப்பாகப் பதிவானது. மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் வைத்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து அதே தெருவில் விடலாம் என்று சொல்லி, முப்பது ஆண்டுக்கு மேல் மன்றாடி, 1996இல்தான் அதைச் சென்னை மாநகராட்சி ஏற்றது. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா இதற்காக அலைந்த கதை நகரத்தில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பிறகு 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. இருந்தும் 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சென்னைத் தெருக்களில் சுமார் 1.8 லட்சம் நாய்கள். ஒரு காப்பகம் எத்தனையைத்தான் உள்ளே வைக்க முடியும்? நீங்கள் ஒன்றை அழைத்துப் போனால் ஒரு கூண்டு காலியாகும், அடுத்த ஆம்புலன்ஸில் வருவதற்கு இடம் கிடைக்கும். காப்பகக் கணக்கு அவ்வளவு நேரடியானது.

சரி, அவர்கள் கேட்ட குட்டிக்கு வருவோம்.

குட்டி அழகு. அதில் சண்டையே இல்லை. மூன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதற்கெல்லாம் பயப்படாமல் வளரும் என்பதால், குழந்தை இருக்கும் வீட்டில் குட்டியிலிருந்தே வளர்ப்பதில் உண்மையான லாபமும் உண்டு. ஆனால் அந்த லாபம் பகல் முழுக்க வீட்டில் அதன் பின்னாலேயே ஓடியாட ஆள் இருந்தால் மட்டும். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்காது. இரவிலும் எழுந்து ஒருமுறை, இரண்டுமுறை வெளியே விட வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பல் விழுந்து முளைக்கும். செருப்பு, சார்ஜர் ஒயர், சோபா நுனி, பாட்டியின் புடவைத் தலைப்பு, எல்லாம் வாய்க்குள் போகும். காப்பகத்துக்குத் திரும்பி வரும் குட்டிகளின் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "கடிக்கிறது" என்று எழுதியிருக்கும். வயதைப் பார்த்தால் நாலரை மாதம்.

ஊசிக் கணக்கு தனி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. இதெல்லாம் முடியும்வரை தெருத் தரையில் விடக் கூடாது, ஏனென்றால் பார்வோ என்ற வைரஸ் நோய். ரத்தமாக வயிற்றுப்போக்கு, வாந்தி, மூன்று நாலு நாளில் குட்டி போய்விடக்கூடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடம் முன்னால் ஒரு முகாமில் நாற்பத்தைந்து நாள் குட்டி ஒன்றை எடுத்துவந்தேன். "ஊசியெல்லாம் போட்டாச்சு சார்" என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். வயிறு பானை மாதிரி உருண்டு இருந்தது, நல்ல கொழுகொழு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பானை வயிறு என்றால் உள்ளே முழுக்கப் புழு என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் சாப்பிடவில்லை, எட்டாம் நாள் இல்லை. அப்புறம் அந்த அட்டையை நிதானமாகப் பார்த்தேன்: தேதி மட்டும் பேனாவில் எழுதியிருந்தது. ஊசி மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டு இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை. யாரிடம் எடுத்தாலும் அந்தச் சீட்டையும் கையெழுத்தையும் பாருங்கள். வாய் வார்த்தையில் போட்ட ஊசி உடம்பில் ஏறாது.

இன்னொன்று. தெருவில் குட்டிகளைப் பார்த்துவிட்டு, பாவம் என்று அள்ளிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் தாய் பக்கத்தில் இரை தேடப் போயிருக்கும். தாயும் சேய்களும் நன்றாக இருந்தால் அங்கேயே விட்டு, தாய்க்குச் சாப்பாடு, குட்டிகளுக்கு மழை படாத ஓர் இடம், அது போதும். பால்குடி மறக்காத குட்டியைப் பலவித நோய் வந்துபோகும் காப்பகத்தில் கொண்டுவந்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். எட்டு வாரம் ஆனபின் அதே இடத்திலிருந்து நேராக ஒரு வீட்டுக்குப் போனால் அதைவிடச் சிறப்பு எதுவும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மூன்றாம் மாடித் தம்பி கேட்டார்: "அப்போ பெரிய நாயா? அது நம்மகிட்ட ஒட்டுமாண்ணா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. என் பதில்: ஒட்டும், ஆனால் அன்றே ஒட்டாது. காப்பகக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில். மூன்று வாரத்தில் சாப்பாட்டு நேரம், வாக்கிங் நேரம், யார் நல்லவர், யார் பிஸ்கட் கொடுப்பவர் என்றெல்லாம் பிடிபடும். மூன்று மாதத்தில் வீடு அதனுடையது. இது அறிவியல் அளவுகோல் இல்லை, பலர் கண்ட அனுபவம். ஆனால் மூன்றாம் நாளிலேயே "இது எங்களோட பழகவே இல்லை" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களை நிறுத்திவைக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

வளர்ந்த நாயின் பெரிய லாபம், உங்களுக்குக் கிடைப்பது என்னவென்று எடுக்கும்போதே தெரியும். குட்டி ஒரு பரிசுச்சீட்டு மாதிரி. கைக்குள் அடங்குகிற குட்டி பத்து மாதத்தில் இருபது கிலோவாக நிற்கும். இரண்டு வயது நாயின் உயரம், எடை, குரல், பூனையைக் கண்டால் என்ன செய்யும், குழந்தையைக் கண்டால் என்ன செய்யும், எல்லாம் கண் முன்னால். கருத்தடை முடிந்திருக்கும், ஊசி முடிந்திருக்கும். ஒரு வாரம் ஒழுங்காக வாக்கிங் கூட்டிப்போனால் பெரும்பாலானவை வீட்டுக்குள் அசுத்தம் செய்வதை நிறுத்திவிடும். பகலில் தூங்கும். ஆமாம், வளர்ந்த நாய் பகல் பொழுதில் பெரும்பகுதி தூங்கத்தான் செய்கிறது. எட்டரைக்குக் கிளம்பி ஆறரைக்கு வரும் வீட்டுக்கு இதைவிட வேறு தகுதி என்ன வேண்டும்? நாலு மணிக்குப் பாப்பா வந்ததும் பாட்டி கதவைத் திறந்து பால்கனிக்கு விட்டால் போதும்.

இதில் குறையே இல்லையா? உண்டு. காப்பகத்தில் இருக்கும் குணமும் வீட்டில் இருக்கும் குணமும் ஒன்றல்ல. நூறு நாய் குரைக்கும் இடத்தில் மூலையில் ஒடுங்கிக்கிடப்பது வீட்டுக்கு வந்தால் தலைகால் தெரியாமல் ஆடலாம். பழைய அடி உள்ளே இருக்கும்: துடைப்பத்தைத் தூக்கினால் பதுங்குவது, ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் உறுமுவது. உண்ணிக்காய்ச்சல் வந்துபோன உடம்பாக இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி பஞ்சமில்லாமல் கிடைக்கும். எடுத்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? அலுவலக அறையில் இருப்பவரிடம் கேட்பதைவிட, சோறு வைக்கிற, கூண்டு கழுவுகிற அண்ணனிடம் கேளுங்கள். ஒவ்வொன்றின் ஜாதகமும் அவரிடம்தான் இருக்கிறது. "இவ தங்கம் சார், ஆனா சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சா உறுமுவா" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். பிறகு அந்த நாயைக் கூண்டுக்கு வெளியே, சத்தம் குறைவான இடத்துக்கு, கயிற்றில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் அதைப் பார்க்காமல், முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். ஐந்து நிமிடம். அதுவாக வந்து மோந்து பார்க்கிறதா, ஒதுங்கி நிற்கிறதா? கையிலிருக்கும் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டு விலகி, பிறகு என்னவென்று பார்க்க வருகிறது என்றால் நல்ல சகுனம். திடுக்கிட்டது திரும்பி வரவே இல்லை என்றால் அது பொறுமையான, அமைதியான ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய நாய். ஏழு வயதுக் குழந்தையும் டிவியும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அல்ல. ஒருமுறைக்கு இரண்டுமுறை போய்ப் பாருங்கள், இரண்டாம் முறை குழந்தையோடு.

கைவிடப்பட்ட சாதி நாய்களைப் பற்றியும் கேட்டார்கள். லாப்ரடார், பக், ஷிட்சூ, ஏன் நம் கத்திரி வெயிலில் ஹஸ்கிகூட காப்பகத்தில் வந்து நிற்கிறது. அமெரிக்காவுக்குப் போகிறோம், மருமகள் முழுகாமல் இருக்கிறாள், முடி கொட்டுகிறது, அசோசியேஷன்காரர் தொல்லை என்று காரணங்கள் வரும். இந்த நாய்களுக்கு வீடு என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரியும், அது நல்லது. ஆனால் கேட்பவர் கூட்டமும் இவற்றுக்குத்தான், செலவும் இவற்றுக்குத்தான். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு, பக்குக்கு மூச்சு, ஷிட்சூவுக்குக் கண்ணும் முடியும். குட்டி போடவைத்தே ஓய்ந்துபோய்த் தள்ளிவிடப்பட்ட பெண் நாய் என்றால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு வசதியும் மனதும் இருந்தால் எடுங்கள். வெளியே சொல்லிக்கொள்ள ஒரு சாதிப் பெயர் வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம்.

தற்காலிகமாக வீட்டில் வைத்திருந்து பார்ப்பதும் ஒரு வழி. ஃபாஸ்டர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஆறும்வரை, அல்லது நிரந்தர வீடு கிடைக்கும்வரை, இரண்டு வாரமோ இரண்டு மாதமோ உங்கள் வீட்டில். மருந்துச் செலவைப் பெரும்பாலும் அமைப்பே ஏற்கும், சாப்பாடும் இடமும் உங்களுடையது. கேட்டவுடன் சரி என்று தலையாட்டாதீர்கள். எத்தனை நாள், நடுராத்திரியில் உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது, பில் யார் கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ரெண்டே வாரம்தான்" என்று ஒப்படைத்துவிட்டு ஏழு மாதம் போனை எடுக்காதவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நாய் வளர்த்தே பழக்கமில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. பாட்டிக்கு ஒத்துவருமா, குழந்தைக்கு அலர்ஜி இருக்குமா என்பதெல்லாம் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றாலும் குற்றம் இல்லை, ஒரு நாய்க்கு அந்தப் பதினைந்து நாள் மிச்சம்.

வீட்டில் வைத்துக்கொள்ள வழியே இல்லை, ஆனால் மனசு கேட்கவில்லை என்பவர்கள் வாசலில் இருக்கும் நாயையே பார்த்துக்கொள்ளலாம். சோறு வைப்பதோடு நின்றால் அது பாதி வேலை, சில இடங்களில் வம்பும்கூட. அதற்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன நாய்க்குக் காது நுனியில் 'வி' போல ஒரு வெட்டு இருக்கும். ஆகவில்லை என்றால் மாநகராட்சிக்கோ கருத்தடை செய்யும் அமைப்புக்கோ சொல்லிப் பிடிக்கவைத்து, அதே தெருவில் திரும்ப விடும்வரை பின்னாலேயே போங்கள். ஆண்டுக்கொரு முறை ரேபிஸ் ஊசி. இதில் சட்டம் இப்போது நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22 அன்று அதை மாற்றி, வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைக் கருத்தடை, ஊசி முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. சோறு போடுவதற்கு மட்டும் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றும் சொன்னது. அப்படியென்றால் காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் இன்னும் கூடும் என்று நான் நினைக்கிறேன்.

தெரு நாயோ வீட்டு நாயோ, பல் பட்டாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போய்விட வேண்டும். ரேபிஸ் வெளியே தெரிந்தபின் பிழைக்க வழியில்லை. மஞ்சள் வைப்பது, மிளகாய்ப்பொடி வைப்பதெல்லாம் இன்றைக்கும் நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டி அதுவரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பூனைன்னா என்னப்பா?" என்றார்.

நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால், பகலெல்லாம் ஓடியாட ஆளில்லாத இரண்டு அறை வீட்டுக்கு நாயைவிடப் பூனை பொருத்தம். வாக்கிங் வேண்டாம், கழிப்பதற்கு ஒரு மண் தட்டைக் காட்டினால் இரண்டு நாளில் பழகிக்கொள்ளும், குரைத்து அடுத்த வீட்டாரை எழுப்பாது. பூனைக்குட்டி என்றால் ஒன்றாக எடுக்காமல் இரண்டாக எடுங்கள். ஒன்றையொன்று கடித்து விளையாடி உங்கள் கையை விட்டுவிடும். கட்டாயம் செய்யவேண்டியது பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்பது கதை. புறாவைப் பார்த்துத் தாவி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்து வருவதைக் காப்பகத்தில் வருடம் முழுக்கப் பார்க்கிறோம். இன்னொன்று, காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்து, பூனைக்கு விஷம். கால் மாத்திரையே ஆபத்து. பாட்டிக்குப் பூனை பிடித்திருந்தது. பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பாப்பா ஜெயித்தாள், வேறென்ன.

பிறகு பணம். தத்தெடுப்பு பெரும்பாலும் இலவசம், அல்லது ஒரு சிறு நன்கொடை. என் வீட்டு நாட்டு நாய்க்குச் சாதம், கோழி, முட்டை, பூசணி என்று மாதம் மூவாயிரம் ஆகிறது. ஆண்டு ஊசி, உண்ணி மருந்து, குடற்புழு மருந்து எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஐந்தாறாயிரம். நோய் வந்தால் தனி. தனியார் மருத்துவமனைக்குப் பயப்படுகிறவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது, இன்றும் நகரத்தின் நாய், பூனை எல்லாம் வரிசையில் நிற்கும் இடம். காலையிலேயே போய் டோக்கன் வாங்கவேண்டும், பொறுமை வேண்டும். மாநகராட்சி உரிமம் கட்டாயம், கட்டணம் 50 ரூபாய்தான், எடுக்காவிட்டால் அபராதம் 5000 ரூபாய். வேடிக்கை என்னவென்றால், வளர்த்த பிராணியைக் கைவிட்டால் 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அன்றைக்கு அது பணமாக இருந்திருக்கும்.

படிவம் நிரப்பும்போது கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், சிலர் வீட்டைப் பார்க்கவும் வருவார்கள். வாடகை வீடா, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா, மொட்டைமாடியில் சங்கிலியில் கட்டுவீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்? பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கிறதே என்று சிலருக்குக் கோபம் வருகிறது. திரும்பி வந்த நாய் கூண்டு மூலையில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அசோசியேஷன் தடுத்தால், பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் லிஃப்டில் எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதும், வாக்கிங் போகும்போது கையில் ஒரு பழைய பேப்பர் வைத்திருப்பதும், சுற்றறிக்கையைவிட நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் மாடி வீட்டுக்கு நான் சொன்னது இது: இரண்டிலிருந்து நாலு வயதுக்குள், கருத்தடை ஆன, பெண் நாட்டு நாய். முதலில் ஒரு மாதம் ஃபாஸ்டர். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம்கூட இருக்கும். குட்டியாக எடுத்தால் பாப்பா கல்லூரியில் இருக்கும்போது அதற்கு முதுமை, பாட்டியின் மூட்டு வலியும் அன்றைக்கு இதைவிடக் குறைந்திருக்காது. பகலில் வீட்டில் ஓடியாட ஆள் இருக்கும் குடும்பமாக இருந்தால் குட்டி எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். இன்னொன்றும் சொன்னேன்: தீபாவளி முடியட்டும். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்களைத் தேடி அந்த வாரம் முழுக்க போன் வரும். வீட்டுக்குப் புதிதாக வந்த நாய்க்குத் திரும்பி வர வழியும் தெரியாது.

ஐப்பசி கடைசியில் கூட்டிப்போனார்கள். கறுப்பு, பெண், மூன்று வயது, காதில் வெட்டு, பின்னங்காலில் பழைய தழும்பு. சோறு வைக்கும் அண்ணன் கைகாட்டிய நாய்தான். பாப்பா மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைக் குட்டி இருந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் ராத்திரி தம்பி போன் செய்தார். "அண்ணா, இது குரைக்கவே மாட்டேங்குது. சோபாவுக்குப் பின்னாடியே கிடக்குது. ஊமையா இருக்குமோ?" நாலு நாள்தானே ஆகிறது, விடுங்கள் என்றேன்.

மூன்றாவது வாரம் திரும்பவும் போன். பின்னால் ஒரே குரைப்பு, நடுநடுவே பாப்பாவின் சிரிப்பு. "கொரியர்காரர் வந்திருக்காருண்ணா. வாசலுக்கே விடமாட்டேங்குது. இதை எப்படி நிறுத்துறது?"